சிவகாசிக்குச் சின்ன ஆர்டர் பிடிக்காது

வைகை அணையில் சிறிய ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை பாதி வாட்ஸ்அப்புக்கும் மீதி சிவகாசிக்கும் போய்விட்டது. கடன் வாங்கி டிஜிட்டல் இயந்திரம் போடலாமா?
– வாசகர், வைகை அணை

இப்போதைக்கு வேண்டாம். சிவகாசியோடு விலையில் மல்லுக்கட்டினால் காகிதக் காசுகூடத் தேறாது. ஆனால் ஐந்நூறு லேபிள் கேட்டு வருகிறவரை அங்கே யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். அவரைப் பிடியுங்கள். போடி ஏலக்காய், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, சின்னமனூர் வாழை, மசாலாப்பொடியும் ஊறுகாயும் போடும் மகளிர் குழுக்கள் என உங்களைச் சுற்றி இருப்பவர்களுக்கு லேபிளும் அட்டைப்பெட்டியும் வேண்டும். உணவுப் பாக்கெட்டில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், சேர்பொருள்கள், நிகர எடை, தேதி, அதிகபட்ச விலை எல்லாம் இருந்தாக வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். பிழையில்லாமல் அமைத்துக் கொடுத்தால் வேறு அச்சகம் தேட மாட்டார்கள்.

டிஜிட்டல் பிரின்ட்டையும் டை கட்டிங்கையும் மதுரையில் கொடுத்து வாங்குங்கள். அந்த வேலையில் நிற்கும் லாபமே மாதத் தவணையைத் தாண்டும்போது இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம். காகித விலை ஏறி இறங்குவதால் கொட்டேஷனில் 'ஏழு நாள் மட்டும்' என்று போடுங்கள். பாதிப் பணம் முன்னால் வாங்குங்கள். தேர்தல் நோட்டீஸுக்கு மட்டும் முழுப் பணமும் முன்னால். தோற்ற வேட்பாளரிடம் யார் போய் பில்லை நீட்டுவது?