ராஸ் தீவுக்குப் போகிறீர்களா?

அந்தமானில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) கரையிலிருந்து படகில் கால் மணி நேரம்கூட ஆகாது. 2018 முதல் இதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. அங்குள்ள பழைய கட்டட இடிபாடுகளை நிம்மதியாகப் பார்க்க:

1. புதன்கிழமை போகாதீர்கள். வழக்கமாக அன்று விடுமுறை.

2. காலைப் படகைப் பிடியுங்கள். மேட்டில் இருக்கும் தேவாலயத்துக்கு உச்சி வெயிலில் ஏறினால் களைத்துப்போவீர்கள்.

3. இறங்கும்போதே படகின் பெயரையும் திரும்பும் நேரத்தையும் படகுக்காரரிடம் கேட்டு, படகைப் போனில் படம் எடுத்து வையுங்கள். துறையில் எல்லாப் படகும் ஒன்றுபோலத் தெரியும்; இரவு தங்க அனுமதியும் கிடையாது.

4. சுவரில் சாயாதீர்கள், வேரைப் பிடித்து ஏறாதீர்கள். கூரை போய் நிற்கும் கட்டடங்களில், செங்கல் இடுக்குகளுக்குள் நுழைந்த மரவேர்கள் சன்னலைச் சுற்றிக் கீழே இறங்கியிருக்கும். பல இடங்களில் சுவரை விழாமல் பிடித்திருப்பதே அந்த வேர்தான். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயர் கீறுவது வேண்டவே வேண்டாம்: உதிர்ந்த பழைய காரை உதிர்ந்ததுதான்.

5. மான்கள் பக்கத்தில் வரும். பிஸ்கட் கொடுக்காதீர்கள், உறையையும் சேர்த்து விழுங்கிவிடும்.

6. வழுக்காத செருப்பு போடுங்கள். மழைக்குப் பிறகு படிகளில் பாசி பிடித்திருக்கும்.

7. முதியவர்களுக்கு பேட்டரி வண்டி இருக்கிறதா என்று துறையிலேயே கேளுங்கள். பாதி ஏற்றத்தில் தேடினால் கிடைக்காது.