மீனும் ஆறும்

நீரின்றி மீன் வாழாது என்பதை அறியாதார் இலர். ஆயின், நீருள்ள இடமெல்லாம் எல்லா மீனுக்கும் உறைவிடம் ஆகுமோ? ஆகாது. ஓடும் நீரை நாடும் மீனும் உண்டு. தேங்கிய நீரில் தழைக்கும் மீனும் உண்டு.

ரமணாசிரமம் அமைந்துள்ள திருவண்ணாமலை நகருக்கு மேற்கே சாத்தனூர் அணை உள்ளது. கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றிவரும் தென்பெண்ணையாற்றைத் தடுத்து, 1958-ஆம் ஆண்டில் இது கட்டி முடிக்கப்பெற்றது. இதனால் வயல்கள் செழித்தன. ஆனால், ஓடிய ஆறு அணைக்கு மேலே ஏரி போல நின்றது. கீழேயோ, திறந்துவிடும் நீரின் அளவே ஓட்டத்தின் அளவாயிற்று. மீன்களின் உறைவிடமும் மாறிற்று.

ஆகவே, மீன்களைக் காக்க விரும்புவோர் முதலில் ஆற்றை ஆராய்தல் வேண்டும். நீரின் ஆழமும் விரைவும் எத்தகையவை? படுகையில் இருப்பது சேறா, மணலா, கூழாங்கல்லா? சில மீன்கள் கூழாங்கற்களுக்கிடையேதான் முட்டையிடும். அங்கே சேறு படிந்தால் முட்டைகள் மூச்சற்று அழியும். நீரில் கரைந்துள்ள உயிர்வளியையும் அளத்தல் வேண்டும். ஒரு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாதிருத்தல் பல மீன்களுக்கு நலம். கரைமரங்களின் நிழல் நீரைக் குளிர்விக்கும். கோடையில் வற்றாத மடுக்களே மீன்களுக்குப் புகலிடம். இவற்றை ஒருநாள் கண்டு முடிவு செய்தலாகாது. வெள்ளக் காலத்திலும் வறண்ட காலத்திலும் காணல் வேண்டும்.

ஆற்றுக்குரிய மீன் எது என ஆராயாது செய்யும் உதவியும் தீங்காகலாம். இதற்குக் காவிரியே சான்று. அவ்வாற்றில் கூன்முதுகு மகசீர் என்னும் பெருமீன் 50 கிலோவுக்கு மேலும் வளர்ந்தது. மகசீர் குறைவதைக் கண்டோர், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வடதக்காணத்து ஆறுகளுக்குரிய நீலத்துடுப்பு மகசீரின் குஞ்சுகளைக் காவிரியில் விட்டனர். வந்த மீன் பெருகியது. காவிரிக்கே உரிய மீன் அருகியது. அணைகளும் வெடிவைத்து மீன் பிடித்தலும் அதன் துன்பத்தை மிகுவித்தன. அது டோர் ரெமாதேவி என்னும் இனமே என்று அறிஞர் தெளிந்தது 2018-ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டிலேயே அது அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பெற்றது. பெயர் தெளியுமுன்னரே மீன் மறையும் நிலைக்கு வந்துவிட்டது!

குஞ்சுகளை ஆற்றில் விடுதல் எளிது. அவை வாழ்தற்கேற்ற ஆற்றைக் காத்தல் அரிது. அரிய செயலை முதலிற் செய்தலே அறிவுடைமையாகும்.