மிதிக்க மிதிக்கப் புதையும்

ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டி எந்தத் திசைக்கு வண்டியைத் திருப்பினாலும் புதையக்கூடிய நிலம் ஒன்று வந்தே தீரும். மேற்கே வாகனேரி, புணானைப் பக்கத்து வயல்களில் களி. கிழக்கே நாசிவன்தீவு, கல்குடாக் கரைகளில் மணல். வாழைச்சேனை வாவியின் ஓரங்களில் மேலே உப்புப் பூத்துக் காய்ந்து, உள்ளே கூழாகக் கிடக்கும் சேறு. மூன்றும் மூன்று விதமாக வண்டியைப் பிடிக்கும். ஆனால் புதைந்த வண்டியைச் சுற்றிக் கூடுகிறவர்கள் சொல்வது எல்லா இடத்திலும் ஒன்றுதான்: “நல்லா மிதிங்க காக்கா, ஏறிடும்!”

ஏறாது. வெறுமனே சுழலும் சில்லு நிலத்தைத் தோண்டிக்கொண்டே இறங்கும். மிதிக்க மிதிக்க டிஃப்பும் சேஸியும் மண்ணில் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு வண்டியைத் தாங்குவது சில்லு அல்ல, வயிறு. “இது ஃபோர் வீல், இறுகாது” என்ற நம்பிக்கையும் இங்கேதான் உடைகிறது. லொக் இல்லாத சாதாரண டிஃப், பிடிமானம் இழந்த சில்லுக்கே சுழற்சியைக் கொடுத்துவிடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சும்மா சுழல, மற்ற இரண்டும் அசையாமல் நிற்கும். நான்கு சில்லு இழுவை வண்டியை இன்னும் கொஞ்சம் உள்ளே கொண்டுபோய்ப் புதைக்க உதவும் என்பதை முதல் கெப் வாங்கியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரும்போக அறுவடைக்கு வயலுக்குள் நெல் ஏற்றப் போகும் இளைஞர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக கெப்போ கென்டரோ வாங்கியவர்கள் முதலில் விசாரிப்பது வின்ச் என்ன விலை என்று. மண்வெட்டி வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கும். வாங்க வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிரானது. வண்டியை இழுக்கும் சாமானுக்கு முன்னால், இழுக்க வேண்டிய பாரத்தைக் குறைக்கும் சாமான் கையில் இருக்க வேண்டும்.

இதற்கு அமெரிக்க இராணுவத்தின் வாகன மீட்புக் கையேடுகளில் எளிய கணக்கு ஒன்று உண்டு. சில்லு அச்சு மட்டத்துக்கு மேற்படாமல் புதைந்திருந்தால், வெளியே எடுக்க வண்டியின் மொத்த எடைக்குச் சமமான இழுவை தேவை. அச்சைத் தாண்டி மட்காட் வரை போனால் எடையின் இரண்டு மடங்கு. உடல் வரை அமிழ்ந்தால் மூன்று மடங்கு. வெற்று டபுள் கெப் ஒன்று ஏறத்தாழ 2 டன். மட்காட் வரை விட்டால் 4 டன். மூடைகளோடு 6 டன் நிற்கும் லொறியை அதே ஆழத்துக்கு விட்டால் 12 டன். எந்தக் கயிறு இதைத் தாங்கும்? அரை மணி நேரம் நின்று நான்கு சில்லுக்கு முன்னாலும் டிஃப்பின் கீழும் மண்ணை வெட்டி எடுத்தால் இந்தக் கணக்கு ஒரு படி இறங்கும். பாதி மூடைகளை வரம்பில் இறக்கி வைத்தால் இன்னும் இறங்கும். மூடை இறக்க யாருக்கும் மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அறுந்த கயிறு ஒருவருடைய கண்ணைப் பறிப்பதைவிட, மூடையை இரண்டு முறை தூக்குவது மேல்.

ஆகவே முதல் சாமான் மண்வெட்டி. இரண்டாவது, காற்று பார்க்கும் மீட்டரும் திரும்ப அடிக்க ஒரு சிறிய பம்பும்.

“காற்றைக் குறைத்தால் டயர் போய்விடும்” என்று இங்கே பலர் நம்புகிறார்கள். காற்றைக் குறைத்துவிட்டு அப்படியே தார் வீதியில் வேகமாக ஓடினால்தான் போகும். 1920களின் இறுதியிலும் 1930களிலும் எகிப்திலிருந்து லிபியப் பாலைவனத்துக்குள் ஃபோர்ட் கார்களில் போன பிரித்தானிய இராணுவ அதிகாரி ரால்ஃப் பாக்னோல்ட் இரண்டு காரியங்களால் மணலை வென்றார்: டயரின் காற்றை இறக்கினார், புதைந்த சில்லுக்கு அடியில் நீண்ட இரும்புத் தகடுகளை வைத்தார். காற்று இறங்கும்போது டயர் முன்பின்னாக நீண்டு படிகிறது. அதே எடை கூடுதல் பரப்பில் பரவுவதால் மணல் உடைந்து இறங்காமல் தாங்குகிறது. வீதியில் 32 பிஎஸ்ஐ அளவில் ஓடும் வெற்று கெப்பை மணலில் 18 வரையும், களியில் 22 முதல் 25 வரையும் இறக்கலாம். ஏறக்குறைய 12க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழலும் ஆபத்து உண்டு. டியூப் உள்ள டயரென்றால் இன்னும் கவனம் வேண்டும்: டயர் ரிம்மில் வழுக்கினால் டியூப்பின் வால்வு அறுந்துபோகும். பாரம் ஏற்றிய லொறிக்கு இந்த எண்கள் பொருந்தாது. அதற்கு முதல் வேலை மூடை இறக்குவதுதான். காற்றைக் குறைத்த வண்டியை மெதுவாக, வெட்டித் திருப்பாமல் ஓட்டி, தாரில் ஏறுமுன் திரும்ப அடிக்க வேண்டும். பம்ப் இல்லாமல் காற்றை இறக்கினால், அடுத்த டயர்க் கடை வரை அந்தக் குறைந்த காற்றோடுதான் ஓட வேண்டியிருக்கும்.

பாக்னோல்டின் இரும்புத் தகடுகள் இன்று தடித்த பிளாஸ்டிக் பலகைகளாக விற்கின்றன. வாங்க வசதியில்லாதவர் தடித்த மரப்பலகை இரண்டு வைத்துக்கொள்ளலாம். ஆணி இருக்கக் கூடாது. தென்னை மட்டையும் மணலில் ஒரு தரம் உதவும். சில்லு பலகையைக் கவ்வாமல் சுழன்றால் பலகை பின்னால் பறக்கும் என்பதால் சில்லுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. அதே பலகை ஜெக்குக்கு அடியிலும் தேவை. பலகை இல்லாமல் களியில் வைத்த ஜெக் வண்டியைத் தூக்காது, தானே கீழே போகும். ஜெக்கில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடவே வேண்டாம்.

அடுத்தது கயிறு. என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான்.

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் படகுக் கயிறு இங்கே எல்லா வண்டியிலும் கிடக்கிறது. “படகையே இழுக்குது, கெப்பை இழுக்காதா?” நைலோன் என்று நாம் சொல்லும் அந்தக் கயிறுகளில் பல பொலிஎதிலீன் அல்லது பொலிபுரோப்பிலீன். வெயிலில் கிடந்து கிடந்து உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருக்கும். அதைக் கொளுக்கியில் முடிச்சுப் போட்டுக் கட்டினால், அந்த முடிச்சு கயிற்றின் பலத்தில் பாதியைத் தின்றுவிடும். பிறகு இழுக்கிற வண்டி கயிறு தொய்ய விட்டுப் பாய்ந்து ஒரு வெட்டு இழுக்கும். அந்த வெட்டில் அறுகிறது. சங்கிலியும் கம்பிக்கயிறும் வெட்டி இழுக்க இன்னும் மோசம். அவை நீள்வதில்லை. அதிர்ச்சி முழுவதும் கொளுக்கியில் இறங்கும். சங்கிலி அறுந்தால் இரும்பு பறக்கும்.

வேகம் கொடுத்து இழுப்பதற்கென்றே செய்த பட்டி வேறு. அது உண்மையான நைலோன். தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நீண்டு, சேர்த்த விசையை மெதுவாகக் கொடுக்கும். இரண்டு வண்டிகளில் எடை குறைந்ததன் முழு எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு தாங்கும் பட்டியாகப் பார்த்து எடுக்க வேண்டும். இன்னும் பலமானது இன்னும் நல்லது என்று நினைத்து மிகத் தடித்த பட்டி எடுத்தால் அது நீளாது, அதனால் பயனும் இல்லை.

பட்டியைவிட முக்கியம் அதை எங்கே கொளுவுகிறோம் என்பது. ஜப்பானிலிருந்து வந்த கெப்புகளில் முன் பம்பருக்குக் கீழே தெரியும் மெல்லிய வளையங்களில் பல, கப்பலில் வண்டி அசையாமல் கட்டிவைப்பதற்கானவை. அவற்றில் மீட்புப் பட்டியைக் கொளுவி வெட்டி இழுத்தால் பெயர்ந்து வரும். பெட்டி இழுக்கும் உருண்டையில் கொளுவுவது அதைவிடப் பயங்கரம். ஒரே சீராக உருளும் பெட்டிக்காகச் செய்யப்பட்ட அந்த இரும்புருண்டை, வெட்டு இழுவையில் கழுத்தோடு முறிந்து, பட்டியின் முழு விசையோடு கண்ணாடியை உடைத்து உள்ளே வரும். ஆஸ்திரேலியாவில் மனிதர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். அந்த நாடு மீட்புப் பட்டிகளுக்கென 2010இலேயே கட்டாயப் பாதுகாப்புத் தரம் கொண்டுவந்து, எச்சரிக்கை இல்லாமல் விற்கக் கூடாது என்றது. நம் கடைகளில் வாங்கும்போது அப்படி எழுதியிருக்காது. எனவே நாமே தெரிந்து வைத்திருக்க வேண்டும். சேஸியில் போல்ட் போட்டுப் பொருத்திய, இழுவைக்கென்றே செய்த கொளுக்கியில் மட்டும் கொளுவுங்கள். அதோடு, தாங்கும் எடை உடலில் பொறித்த ஷெக்கிள் இரண்டு வேண்டும். எண் பொறிக்காத ஷெக்கிள் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் வேண்டாம்.

“சாக்கை நனைத்துக் கயிற்றில் போட்டால் பயமில்லை.” பாதி உண்மை. அறுந்த கயிறு அடிக்கும் வேகத்தை அது ஓரளவு அமர்த்தும். போடுங்கள். ஆனால் ஆட்களைத் தள்ளி நிறுத்தாமல் சாக்கை மட்டும் நம்பக் கூடாது. கயிற்றின் நீளத்தில் ஒன்றரை மடங்குக்கு அப்பால், பக்கவாட்டில் எல்லோரும் நிற்க வேண்டும். புதைந்த வண்டியைப் பார்க்க ஓடிவரும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத்தான் இழுக்கத் தொடங்க வேண்டும். கயிற்றை ஒருபோதும் தாண்டக் கூடாது.

நம் ஊரில் உண்மையான மீட்பு வண்டி உழவு இயந்திரம்தான். தாழ்ந்த கியரில், வெட்டாமல், ஊர்ந்து இழுப்பதில் அதற்கு இணை இல்லை. அதனாலேயே “மெசின் வந்தா எல்லாம் சரி” என்கிறோம். கயிற்றைப் பின் அச்சு மட்டத்துக்கு மேலே கட்டினால் சரியில்லை. இழுவை பிடித்தவுடன் முன் சில்லு எழும்பி, இயந்திரம் ஓட்டுபவர் மேல் பின்புறமாகக் கவிழும். அதற்கு ஒன்றரை வினாடி போதும், குதிக்க நேரம் இருக்காது. நம் வயல்களில் ஓடும் பெரும்பாலான இயந்திரங்களில் தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டமும் இல்லை. பெட்டி கொளுவும் தாழ்ந்த கொளுக்கியில்தான் கட்ட வேண்டும். உதவிக்கு வந்தவரிடம் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

வின்ச் நல்ல சாமான்தான், ஆனால் அதற்கு ஒரு பிடி வேண்டும். வயல் நடுவிலும் வாவி ஓரத்திலும் பிடி எங்கே? பனைமரம் இருந்தால் அகலமான பட்டியைச் சுற்றிக் கொளுவலாம், வெறும் கம்பி மரத்தை அறுத்துவிடும். கண்டல் மரங்களைத் தொட வேண்டாம். அவற்றின் வேர் இருப்பது சேற்றில்தான், இழுவை தாங்காது. தன் கண்டல் காடுகள் அனைத்தையும் பாதுகாக்க 2015இல் முன்வந்த முதல் நாடு என்று பேசப்பட்டதும் நம் நாடுதான். மரம் இல்லாத இடத்தில் மாற்றுச் சில்லை ஆழமாகப் புதைத்துப் பிடியாக்கலாம், அதற்கும் மண்வெட்டிதான் வேண்டும்.

எந்தச் சாமானும் உதவாத ஓர் இடம் உண்டு: ஓடும் தண்ணீர். “உயரமான வண்டி, தண்ணிக்குள்ள போகும்” என்ற நம்பிக்கை அங்கே உடைந்துவிடும். 2024 நவம்பர் 26இல், பெருவெள்ளத்தின்போது, அம்பாறை மாவட்டம் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மதரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துச் சென்றது. வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் இறந்தார்கள். ஓடும் தண்ணீர் 60 சென்ரிமீற்றர் உயர்ந்தாலே பெரும்பாலான கார்களையும் கெப்புகளையும் தள்ளிவிடும். பெரிய டயரும் மூடிய உடலும் அப்போது மிதவையாகிவிடும். கிரானுக்கு அப்பால் தரைப்பாலங்களின் மேல் தண்ணீர் ஓடும்போது அடியில் தார் இருக்கிறதா, அரித்துப் போயிற்றா என்பது மேலிருந்து தெரியாது. அங்கே வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும், அல்லது திரும்ப வேண்டும்.

கையில் காசு குறைவென்றால் மண்வெட்டி, மீட்டர், பம்ப், பலகை இவற்றோடு தொடங்குங்கள். பிறகு பட்டியும் ஷெக்கிளும் தடித்த கையுறையும். வின்ச் கடைசி. உப்புத் தண்ணீரிலோ சேற்றிலோ இறங்கிய வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிவரை கழுவுங்கள், பிரேக்கைப் பாருங்கள். பட்டியையும் அலசி நிழலில் காயவிடுங்கள். இழைக்குள் நிற்கும் மணல் அதை அறுக்கும். ஓரத்தில் சிறு வெட்டுக் கண்டாலும் இனி அதில் வண்டி இழுக்காமல், மூடை கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.