கே-டிராமா பார்த்தே கொரியன் சொல் சேர்க்க...

சப்டைட்டிலிலேயே கண் இருந்தால் 16 எபிசோடு முடிந்தும் ஒரு சொல்கூடக் காதில் தங்காது.

1. காட்சிவாரியாக எழுதுங்கள். மழைக்காட்சியா, ‘உஸான்’ (குடை). மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறாரா, ‘காஜி மா’ (போகாதே). இந்தக் காட்சிகள் தொடருக்குத் தொடர் வரும். சொல்லும் கூடவே வரும்.

2. வசனம் ‘யோ’ என்று முடிகிறதா, கவனியுங்கள். அது மரியாதை விகுதி. ‘காஜி மா’ காதலரிடம் சரி. மேலதிகாரியிடம் ‘காஜி மாசேயோ’தான். ஜோடி நெருங்கியதும் ‘யோ’ உதிர்ந்துவிடும். முத்தக்காட்சியைவிட எனக்கு இதுதான் சுவாரசியம்!

3. ‘ஒப்பா’வை ஆண்கள் தவிர்க்கவும். மூத்த ஆணைப் பெண்கள் அழைக்கும் சொல் அது, ஆண்களுக்கு ‘ஹியோங்’.

4. கொரியன் எழுத்தான ஹங்குலிலேயே குறிப்பெடுங்கள். அடிப்படை எழுத்துகள் 24தான். தமிழில் எழுதினால் உச்சரிப்பு நழுவும்.