எதுக்கு இத்தன வருசமா வச்சிருக்கிய?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி எங்கள் சிந்துபூந்துறைக்குள் வந்தது. ஆற்றங்கரையில் பிறந்தவன்தான், வெள்ளம் எனக்குப் புதிதில்லை. ஆனால் என் கடைக்குள் அது இடுப்பளவு நின்றதை அன்றுதான் பார்த்தேன். தண்ணீர் வடிந்த பிறகு சகதியை வாளி வாளியாக அள்ளிக் கொட்டினோம். ஜெராக்ஸ் மெஷின் போனது போனதுதான். அலமாரியில் பாதி நனைந்து கிடந்த ஒரு சாக்கு மூட்டையை மட்டும் வீட்டு மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பிரித்தேன்.

உள்ளே ஒன்பது நீள நோட்டுகள். கடை பிரவுசிங் சென்டராக இருந்த காலத்தில் வந்துபோனவர்களின் பதிவேடு. வெயில் வந்ததும் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தேன். மைப்பேனாவில் எழுதியவை நீலமாகக் கரைந்து ஓடியிருந்தன. பால்பாயிண்டில் எழுதியவை அச்சடித்தது மாதிரி அப்படியே இருந்தன. பெயர், தெரு, போன் நம்பர், அடையாள அட்டை எண், உட்கார்ந்த கம்ப்யூட்டர், வந்த நேரம், போன நேரம்.

துணி காயப்போட வந்த என் வீட்டுக்காரி குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இத எதுக்கு இத்தன வருசமா வச்சிருக்கிய?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக ஊரார் காகிதங்களைக் கையில் வாங்கும் தொழில் செய்கிறேன். அந்த ஒரு கேள்வி கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாலரை அடித் தடுப்பு

2003-ல் கடை ஆரம்பித்தபோது மணிக்கு 30 ரூபாய். பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு வாசல் வரைக்கும் வரிசை நிற்கும். யார், என்ன என்று யாரையும் கேட்டதில்லை. 2011 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் சைபர் கஃபே விதிகள் வந்தன. அடையாள அட்டை பார்க்காமல் யாரையும் உட்காரவைக்கக் கூடாது. பதிவேட்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. ஆசாரியைக் கூட்டிவந்து ஆறடி பிளைவுட்டை அறுத்தேன்.

வேடிக்கை என்னவென்றால், அதே 2011 ஏப்ரல் 11-ஆம் தேதியில்தான் கம்பெனிகளுக்கும் ஒரு விதி வந்தது. மக்களின் பாஸ்வேர்டு, வங்கி விவரம், உடல்நல விவரம் போன்றவற்றைப் பத்திரமாகப் பாதுகாக்க வேண்டும் என்று. ஒரே நாளில் ஒரு கையால் 'எல்லாரையும் எழுதி வை' என்றார்கள், மறு கையால் 'எழுதியதைப் பூட்டி வை' என்றார்கள். முதல் கை என் கடை வரைக்கும் வந்தது. இரண்டாவது கை வரவில்லை.

காலண்டர் அட்டை

நோட்டைக் கல்லாப்பெட்டி ஓரத்தில் விரித்து, நூல் கட்டிய பேனாவோடு வைத்திருந்தேன். வருகிறவர்கள் அவர்களே எழுதிக்கொள்வார்கள். அடுத்து எழுத வருகிறவர் கண்ணில் முந்தின இருபது பேரும் படுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் வந்தார். கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு அப்பா. சத்தம் போடவில்லை. அதுதான் என்னை ரொம்பப் பாதித்தது. "அண்ணாச்சி, எம் பிள்ள இந்த நம்பர வேற எங்கயும் குடுக்கல. பத்து நாளா ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒருத்தன் கூப்பிடுதான். இங்க எழுதுனதுதான்" என்றார். பக்கத்தைப் புரட்டினேன். அவள் பெயருக்கு நாலு வரி கீழே ஒரு பையன் பெயர். எழுதியிருந்த முகவரி பொய்.

அன்று சாயங்காலம் பழைய தினசரி காலண்டரின் அட்டையை எடுத்து, நடுவில் ஒரு வரி உயரத்துக்குப் பிளேடால் ஜன்னல் வெட்டினேன். நோட்டின் மேல் அதை வைத்தால் எழுதுகிறவர் வரி மட்டும்தான் தெரியும். செலவு பூஜ்யம். அத்தனை நாளாக அது எனக்குத் தோன்றாமல் போனதற்குச் செலவு எதுவும் காரணமில்லை. என் நம்பர் அந்த நோட்டில் இல்லை, அவ்வளவுதான்.

"ஒளிக்க நமக்கு என்னல இருக்கு?" என்று நம் ஊரில் சர்வ சாதாரணமாகச் சொல்வோம். அந்தப் பிள்ளைக்கும் ஒளிக்க ஒன்றும் இல்லை. தன் நம்பரை எனக்குக் கொடுத்தாள். அவனுக்குக் கொடுக்கவில்லை. அந்தரங்கம் என்பதற்கு நான் அறிந்த விளக்கம் இதுதான்.

ஆஸ்பத்திரி வரவேற்பறை, லாட்ஜ், அடுக்குமாடி வாசல் என்று இன்றைக்கும் அதே மாதிரி நோட்டு விரித்து வைத்திருக்கிறார்கள். எழுதச் சொன்னால் எழுதுங்கள். 'எதுக்கு அண்ணாச்சி?' என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். மேலே இருக்கிற வரிகளை மூடி வைக்கச் சொல்லவும் தயங்காதீர்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்வது

பிரவுசிங் படுத்தபிறகு ஜெராக்ஸ்தான் சோறு போட்டது. அதிலும் ஆதார் நகல்தான் முக்கால்வாசி. ஒரு தடவை ஜங்ஷனில் அவித்த கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் ஒரு அம்மாவின் ஆதார் நகல். பன்னிரண்டு எண்ணும் உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டு தெளிவாக இருந்தன. எந்த அலுவலகத்துப் பழைய ஃபைல் எடைக்குப் போனதோ.

அதனால் கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இவைதான்:

நகல் எத்தனை என்று எண்ணி வாங்குங்கள். மங்கலாக விழுந்தது, கோணலாக விழுந்தது, எல்லாம் உங்களுடையதுதான். குப்பையில் போடாமல் கேட்டு வாங்குங்கள். மெஷின் மூடியைத் திறந்து அசலை எடுத்தாயிற்றா என்று பாருங்கள். வாரத்துக்கு இரண்டு அசலாவது என் கண்ணாடியில் தங்கிவிடும்.

நகலின் குறுக்கே, படத்தையும் எழுத்தையும் தொட்டபடி, பேனாவால் எழுதுங்கள்: 'கேஸ் இணைப்புக்காக மட்டும்', தேதி, கையெழுத்து. அதை வேறு வேலைக்கு எடுக்க நினைக்கிறவனுக்கு அது முட்டுக்கட்டை.

முழு எண் தேவைப்படாத இடத்தில் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். ஆதார் இணையதளத்தில் பதிவிறக்கும்போதே அந்த வசதி இருக்கிறது. கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே 'நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள்' என்று அறிக்கை விட்டது. பிரவுசிங் சென்டரில் ஆதாரைப் பதிவிறக்கினால் பிறகு அழித்துவிடுங்கள் என்றும் அதில் இருந்தது. மக்கள் பதறுகிறார்கள் என்று இரண்டே நாளில் அறிக்கையை வாபஸ் வாங்கிவிட்டார்கள். வாபஸ் வாங்கியது அறிக்கையைத்தான், என் கம்ப்யூட்டரில் கிடந்த கோப்புகள் அங்கேயேதான் கிடந்தன.

அந்தக் கோப்புக்குப் பாஸ்வேர்டு உண்டே என்பீர்கள். ஆங்கிலத்தில் உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும் சேர்ந்ததுதான் பாஸ்வேர்டு. இரண்டும் கார்டின் முகப்பிலேயே இருக்கின்றன. சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதைதான்.

கடை வாட்ஸ்அப்

இப்போது பலர் காகிதம் கொண்டு வருவதில்லை. "அண்ணாச்சி, உங்க நம்பருக்கு அனுப்பிருக்கேன், பிரிண்ட் போடுங்க" என்பார்கள். என் கடை போனில் ஒரு மாதத்தில் சேரும் ஆதார், பான், பாஸ்புக், சாதிச் சான்றிதழ், பத்திர நகல் எல்லாவற்றையும் சேர்த்தால் எந்தத் திருடனுக்கும் அது அல்வா. அனுப்பியவர் தன் போனில் அழித்துவிட்டுப் போய்விடுவார். என் போன் கேலரியில் இருக்கும். கேலரி தானாகவே இணையச் சேமிப்புக்கு ஏற்றிவிட்டிருக்கும். கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இன்னொரு பிரதி இருக்கும்.

பிரிண்ட் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று, நீங்கள் அனுப்பியதை 'எல்லோருக்கும் நீக்கு' கொடுங்கள். பிறகு கடைக்காரரிடம், "கம்ப்யூட்டர்ல இருக்கறதையும் அழிச்சிருங்க அண்ணாச்சி" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். நான் இப்போது தினமும் ஷட்டரை இறக்கும் முன் ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிறேன். கல்லாவை எண்ணுவது மாதிரி அதுவும் ஒரு வேலை.

விரல் நுனி

பாஸ்வேர்டை மாற்றலாம். பெருவிரலை மாற்ற முடியாது. 2018-ல் தெலங்கானாவில் ஒருவர் பதிவான பத்திரங்களில் இருந்த ரேகைகளை எடுத்து, ரப்பரில் போலி ரேகை செய்து, சிம் கார்டுகளை இயக்கிய செய்தி வந்தது. வயல் விற்றவர், வீடு வாங்கியவர் எல்லாருடைய ரேகையும் பத்திரத்தில் இருக்கிறது. ஆதார் வழியாகப் பணம் எடுக்க ஆதார் எண், வங்கியின் பெயர், ரேகை இவையே போதும், ஓடிபி வராது.

ஆதார் தளத்திலோ அதன் செயலியிலோ கைரேகையைப் பூட்டிவைக்கலாம், தேவைப்படும்போது திறக்கலாம். ஒரு எச்சரிக்கை: ரேகை வைத்து முதியோர் பென்ஷன் வாங்கும் ஆச்சிமாருக்கு யாரும் உதவி செய்வதாக நினைத்துப் பூட்டிவிடாதீர்கள். பென்ஷன் அன்றைக்கு அவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகின்றன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். பணம் போய்விட்டால் கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்கிவைக்க வழி இருக்கிறது.

சட்டம் நம் பக்கமா?

பாதி. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2018-ல் ஆதார் தீர்ப்பில், வங்கிக் கணக்குக்கும் சிம்முக்கும் ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்றார்கள். ஆனாலும் இன்று வரை கவுன்டரில் "ஆதார் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. நாமும் பையிலிருந்து எடுத்து நீட்டிவிடுகிறோம். ஓட்டுநர் உரிமம் போதுமா, வாக்காளர் அட்டை போதுமா என்று ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள். பல இடங்களில் போதும்.

2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும், வேலை முடிந்தால் அழிக்க வேண்டும், நாம் விரும்பினால் தமிழிலேயே சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. அபராதம் 250 கோடி ரூபாய் வரை. ஆனால் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ள அதிலேயே கதவும் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அதிகம் வாங்கி வைத்திருப்பதே அரசுதான் என்னும்போது அது எனக்கு உறுத்துகிறது. இன்னொன்று, அந்தச் சட்டம் டிஜிட்டல் தரவுக்கு மட்டும். கம்ப்யூட்டரில் ஏறாத என் ஒன்பது நோட்டுகளும் அதற்குள் வரவே வராது.

அழிப்பது எப்போதும் சரியா என்றால், அதிலும் சிக்கல் இருக்கிறது. ஒரு வழக்கில் விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கோரி நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2021-ல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தீர்ப்பு ஊருக்குப் பொது, யாரும் படிக்கலாம் என்பது ஒரு நியாயம். நிரபராதியான பிறகும் பெண் பார்க்கப் போகிற இடத்தில் முதலில் வந்து நிற்பது அந்தப் பழைய வழக்குதான் என்றால், அவர் கேட்பதும் நியாயம். கோர்ட் எப்படி முடிக்குமோ, நான் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

கூடை

சட்டம் என்னை வைத்திருக்கச் சொன்னது குறைந்தது ஒரு வருடம். நான் வைத்திருந்தது பன்னிரண்டு வருடம். யாரும் கேட்கவில்லை, எனக்கும் தேவையில்லை. 'கிடக்கட்டும்' என்று கிடந்தது. பெரிய கம்பெனிகளின் சர்வர்களிலும் நம் விவரங்கள் இதே 'கிடக்கட்டும்' என்ற நினைப்பில்தான் கிடக்கின்றனவோ என்று எனக்குச் சந்தேகம்.

எடைக்குப் போட மனம் வரவில்லை, கடலைப் பொட்டலம் ஞாபகத்துக்கு வந்தது. எரிக்கலாம் என்றால் ஈரம். எங்கள் அம்மாதான் வழி சொன்னாள். "தொட்டியில ஊறப் போடுல." அந்தக் காலத்தில் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டி, ஓட்டை விழுந்த முறத்துக்கும் கூடைக்கும் பூசுவார்கள். மூன்று நாள் ஊறியது. கடைசி நோட்டை நானே கையால் பிசைந்தேன். பால்பாயிண்ட் பெயர்கள் அப்போதுதான் போயின.

அந்தக் கூழைப் பூசிய பழைய ஓலைக்கூடை இப்போது புது ஜெராக்ஸ் மெஷினுக்குக் கீழே இருக்கிறது. வாங்காமல் விட்டுப்போகிற கோணல் நகல்கள் அதில்தான் விழும். ராத்திரி கடையைச் சாத்தும் முன் கிழித்து வாளித் தண்ணீரில் போட்டுவிடுவேன். போன வாரம் ஒரு சின்னப் பையன் கூடையைக் காட்டி, "இது என்னத்துல செஞ்சது அண்ணாச்சி?" என்றான்.

"பழைய நோட்டு" என்றேன். யாருடைய பெயர் என்று அவனும் கேட்கவில்லை.