வளைந்த விரல்களுக்கு ஏற்ற கத்தி

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமியைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய மனவுறுதியைப் புகழ்ந்து முடித்துவிடுகிறார்கள். விரல்கள் கோணிப்போன மனிதர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார் என்று கேட்டதும் அரங்கம் கைதட்டுகிறது. கேட்டவர் வீட்டுக்குப் போகிறார். மறுநாள் காலை தன் முதுகுவலியோடும் நின்றுபோன சம்பளத்தோடும் எழுந்து உட்காரும்போது, அந்தக் கதையில் அவர் கைக்கு எதுவும் கிடைப்பதில்லை. இன்னொருவரின் மனவுறுதியை நாம் கடன் வாங்க முடியாது. ஆனால் அவர் தன் வேலையை எப்படி மாற்றி அமைத்தார் என்பதைக் கற்றுக்கொள்ள முடியும். நோயோ விபத்தோ நடுவழியில் நிறுத்திவிட்டவர்களுக்கு டாக்டர் வெங்கடசாமியின் வாழ்க்கையில் அப்படிக் கற்க நிறையவே இருக்கிறது.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். எட்டயபுரம் வட்டாரத்து வடமலாபுரத்தில் 1918-ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய உறவுப் பெண்கள் சிலர் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்து, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று சிறுவயதிலேயே முடிவு செய்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்குதான் சரவாங்கி எனப்படும் முடக்குவாதம் அவரைப் பிடித்தது. 1948-ல் இராணுவம் அவரை விடுவித்தது. முப்பது வயதில் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். விரல்கள் நிரந்தரமாக வளைந்துபோயின. பேனா பிடிப்பதே பெரும்பாடு. நெடுநேரம் நின்று உடல்பலத்தைச் செலவிட வேண்டிய மகப்பேறு மருத்துவம் இனி அவருக்கு இல்லை என்றாகிவிட்டது.

அடுத்து அவர் எடுத்த முடிவைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். மருத்துவத்தை விட்டு அவர் வெளியேறவில்லை. பழைய ஆசையையே பிடித்துக்கொண்டு உடம்போடு மல்லுக்கட்டவும் இல்லை. மருத்துவத்துக்குள்ளேயே இன்னொரு துறைக்குப் பக்கவாட்டில் நகர்ந்தார். கண் அறுவையில் கருவிகள் சின்னவை, அசைவுகள் நுட்பமானவை, முரட்டுப் பலத்துக்கு அங்கே வேலை குறைவு. 1951-ல் கண் மருத்துவத்தில் பட்டயம் பெற்றார். தன் விரல்கள் எப்படி வளைந்திருந்தனவோ அதற்கு ஏற்றபடி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கத் திரும்பவும் முதலிலிருந்து பழகினார். பின்னர் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக உயர்ந்தார்.

உங்கள் தொழிலைப் பிரித்துப் பாருங்கள்

வேலை தடைப்பட்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, இனி எந்த வேலைக்குப் போவது என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதுவரை நான் செய்த வேலையில் என்னென்ன இருந்தன? பதவியின் பெயரை ஒரு தாளில் எழுதினால் உதவாது. காலையிலிருந்து மாலைவரை செய்த செயல்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். இப்போது முடியாதவற்றை அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பவை நீங்கள் நினைத்ததைவிட அதிகமாக இருக்கும்.

கட்டுமானத் தளத்தில் நின்ற பொறியாளருக்கு முதுகெலும்பில் அடிபட்டால் சாரம் ஏறுவது போகும். எஸ்டிமேட் போடுவதும், ஒப்பந்தக்காரரின் பில்லைச் சரிபார்ப்பதும், வரைபடத்தில் தவறு கண்டுபிடிப்பதும் போகாது. தளத்தில் பத்து வருஷம் நின்றவர் போடும் எஸ்டிமேட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. மிதியியந்திரத்தில் தைத்த தையல்காரருக்கு முழங்கால் போய்விட்டால் மோட்டார் பொருத்தலாம், அல்லது கட்டிங் மாஸ்டராகலாம். பார்வை மங்கிய லாரி ஓட்டுநருக்கு எந்தப் பாதையில் எத்தனை மணி நேரம் ஆகும், எங்கே வண்டி நிற்கும், எந்தச் செக்போஸ்ட்டில் தாமதமாகும் என்பதெல்லாம் அத்துப்படி. பார்சல் அலுவலகத்தில் வண்டிகளை ஒழுங்குபடுத்த அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

முற்றிலும் புதிய தொழிலைத் தொடங்குகிறவர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். பக்கத்துத் துறைக்கு நகர்கிறவர் தன் அனுபவத்தைக் கையோடு கொண்டுபோகிறார். உடல் தளர்ந்திருக்கும் நேரத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது மிகக் கடினம். ஏதாவது கணினிப் படிப்பில் சேர் என்று உறவினர்கள் சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள், முதலில் அந்தத் தாளை எழுதி முடியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டர் வெங்கடசாமி மாதக்கணக்கில் படுத்தே இருந்தார். அந்தக் காலத்தையும் அவருடைய உழைப்பின் பகுதியாகவே நான் எண்ணுகிறேன். உடம்பு ஆறுவதற்குள் பழைய வேகத்தில் ஓடிக்காட்ட வேண்டும் என்ற நெருக்கடி, குடும்பத்திலிருந்தும் வரும், நமக்குள்ளிருந்தும் வரும். மருத்துவர் சொன்ன ஓய்வை முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

தனக்கான கருவியை டாக்டர் வெங்கடசாமியே வடிவமைத்துக்கொண்டார். நம்மில் பலர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள். நாற்காலியை மாற்றுவதற்கும் மேலதிகாரியைத்தான் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சம், கேட்டால் வேலைக்கு லாயக்கில்லை என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்ற பயம். அதனால் பலர் வலியை மறைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள், ஒருநாள் மொத்தமாக விழுகிறார்கள்.

கேட்கும் விதம் ஒன்று உண்டு. எனக்கு உடம்பு சரியில்லை, பார்த்துச் செய்யுங்கள் என்று பொதுவாகச் சொன்னால், அனுதாபம் கிடைக்கும், மாற்றம் கிடைக்காது. எந்த வேலை கடினமாக இருக்கிறது, என்ன மாற்றினால் அதே வேலையைச் செய்ய முடியும், எத்தனை நாள் சோதித்துப் பார்க்கலாம் என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மேசையின் உயரம், கீழ்த்தளத்தில் இருக்கை, கூட்ட நெரிசல் இல்லாத ஷிப்ட், குரலால் தட்டச்சு செய்யும் மென்பொருள் என்று எதுவானாலும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20-வது பிரிவைப் பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டது என்பதற்காக அரசு நிறுவனம் ஓர் ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய பணியைச் செய்ய முடியாவிட்டால், அதே ஊதிய விகிதத்தோடும் சலுகைகளோடும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பணியிடம் இல்லையென்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை மிகைப் பணியிடம் உருவாக்கி அவரை வைத்துக்கொள்ள வேண்டும். சில பணிகளுக்கு அரசு விலக்கு அளிக்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆகவே உங்கள் துறைக்கு அப்படி விலக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள். தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்று இதே சட்டம் சொல்கிறது. மனிதவளத் துறையிடம் அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்குங்கள். 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனம் உள்ளவர்களுக்கு அரசு வேலைகளில் 4 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதற்கெல்லாம் மருத்துவச் சான்றும் மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டையும் அடிப்படை. அட்டைக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

58 வயதில் 11 படுக்கை

1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது டாக்டர் வெங்கடசாமிக்கு ஏறக்குறைய 58 வயது. பென்ஷனோடு ஒதுங்க எல்லா நியாயமும் இருந்தது. மதுரையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து 11 படுக்கைகளோடு கண் மருத்துவமனை தொடங்கினார். வங்கி கடன் தரவில்லை. வீட்டை அடமானம் வைத்தார், குடும்பத்தார் நகைகளைக் கொடுத்தார்கள். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் உடன் நின்றார்கள். தம்பி சீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் பார்த்துக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். அவருக்குப் பின்னால் இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட அறுவை அனுபவமும், கண் சிகிச்சை முகாம்களில் சம்பாதித்த நல்ல பெயரும், தொழில் தெரிந்த உடன்பிறப்புகளும் இருந்தார்கள். எதை நம்பிப் பணயம் வைக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கும் அப்படித் தெரிந்தால் மட்டும் வையுங்கள்.

அரவிந்த் வளர்ந்த விதம் எந்த அலுவலகத்துக்கும் பாடம். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்த வெங்கடசாமி, ஒரே தரத்தில் ஆயிரம் இடங்களில் ஒரு பண்டத்தைக் கொடுக்க முடியுமென்றால் கண் சிகிச்சையை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று யோசித்தார். மருத்துவரால் மட்டுமே முடிந்த வேலை எது, மற்றவர்கள் பயிற்சி பெற்றால் செய்யக்கூடியது எது என்று பிரித்தார்கள். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். பார்வைச் சோதனை, நோயாளியைத் தயார்செய்தல், பின்கவனிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அறுவை அறையில் மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்ததில் இன்னொரு நோயாளி தயாராக இருப்பார். அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அறுவைகள் செய்ய முடிந்தது இப்படித்தான். பணம் கட்டும் நோயாளிகளிடம் வரும் வருமானம், கட்ட முடியாதவர்களின் செலவைத் தாங்கியது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒன்றுக்கு 100 டாலருக்கும் மேல் ஆனது. 1992-ல் ஆரோலேப் நிறுவனத்தைத் தொடங்கி அவர்களே தயாரித்தபோது விலை பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியது.

உடல் வலுக் குறைந்தவருக்கு இந்த வேலைப் பிரிப்பு இரட்டை முக்கியம். ஒரு நாளில் உங்களுக்குத் தெளிவும் தெம்பும் உள்ள நேரம் மூன்று மணி நேரம்தான் என்றால், உங்களால் மட்டுமே ஆகக்கூடிய வேலையை அதில் வையுங்கள். மற்றதைச் சொல்லிக்கொடுத்து ஒப்படையுங்கள். எல்லாவற்றையும் நானே செய்தால்தான் மதிப்பு என்ற எண்ணம் நல்ல உழைப்பாளிகளைத்தான் அதிகம் சாய்க்கிறது.

துணைக்கு யார்?

தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. பொறியியல் மாணவராக இருந்த எஸ். இராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது உயரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சஹலின் பெயரையே அதற்கு வைத்தார். பின்னாளில் அவரோடு வந்து சேர்ந்த எஸ். சங்கரராமன், தசைச்சிதைவு நோய் உள்ள பட்டயக் கணக்காளர். அமைப்பு வளர வளர வரவுசெலவும் நிர்வாகமும் தெரிந்தவர் தேவைப்படுவார். அப்படி ஒருவர் அங்கே வந்தார். தன்னிடம் இல்லாத திறமை யாரிடம் இருக்கிறதோ அவரோடு கூட்டுச் சேருங்கள். ஆறுதல் சொல்ல நண்பர்கள் போதும். தொழிலுக்குக் கணக்குத் தெரிந்தவர் வேண்டும். 2020-ல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதுவரை சொன்னது தடைப்பட்டவருக்கு. அவருக்கு மேலே இருப்பவருக்கும் ஒரு வார்த்தை.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, தேவதாசி குலத்துத் தாயின் மகள். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்குப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் எதிர்ப்பை மீறி இடம் கொடுத்தார். முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-ல் மருத்துவரானார், 1927-ல் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். அவருடைய முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் உழைப்பு அவருடையது. ஆனால் முதல் கதவைத் திறக்கும் அதிகாரம் ஒரு மன்னரிடம் இருந்தது, அவர் அதைப் பயன்படுத்தினார்.

நீங்கள் ஒரு பிரிவுக்குத் தலைவராகவோ, கடைக்கு முதலாளியாகவோ இருந்தால் அந்த அதிகாரத்தில் கொஞ்சம் உங்களிடமும் இருக்கிறது. நீண்ட மருத்துவ விடுப்பிலிருந்து திரும்பிய ஒருவர் இப்போது உங்கள் அலுவலகத்தில் இருக்கலாம். அவர் வாய் திறந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே கூப்பிட்டு உட்காரவைத்து, எந்த வேலை கடினமாக இருக்கிறது, எதை மாற்றித் தரட்டும் என்று நீங்களே கேளுங்கள்.