குப்பைக் குழியில் பூஞ்சணத்தின் வேலை

கரும்பு வெட்டு முடிந்ததும் நம் தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோடு, அரூர் பகுதிகளின் வயல்களில் சோகை தீக்கிரையாவதைக் காண்கிறோம். கேழ்வரகுத் தாள் மாட்டுக்குத் தீனியாகிவிடும். காய்ந்த சோகையையும் மல்பெரிக் குச்சியையும் மாடு விரும்புவதில்லை. ஆகவே அவை எரிகின்றன. மண்ணுக்குக் கிடைப்பது சாம்பல். தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. பின்னர் அதே தழைச்சத்தை மூட்டையில் விலை கொடுத்து வாங்குகிறோம். இந்நஷ்டத்தைத் தடுக்க வல்ல துணை பூஞ்சணம்.

பயிர்க் கழிவிலுள்ள பொருள்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று செல்லுலோஸ், நெசவாளர் கையாளும் பருத்தி நூலும் ஏறத்தாழ முழுவதும் இதுவே. மற்றொன்று லிக்னின், செல்லுலோஸ் இழைகளைச் சூழ்ந்து நின்று தண்டுக்கு உறுதியளிப்பது. பூஞ்சணத்துக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. அது நொதிகளை வெளியே கசியவிட்டு, உணவை வெளியிலேயே செரிக்கச் செய்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. செல்லுலேஸ் என்னும் நொதித் தொகுதியில் ஒருவகை நீண்ட இழையை நடுவில் வெட்டும். மற்றொருவகை நுனியிலிருந்து துண்டுகளாகக் கழற்றும். மூன்றாவது அத்துண்டுகளைக் குளுக்கோஸ் ஆக்கும். லிக்னினை உடைப்பவை லாக்கேஸ், பெராக்சிடேஸ் முதலியவை. சிப்பிக் காளான் இதில் வல்லது. லாக்கேஸ் பிராணவாயு இன்றி வேலை செய்யாது. குவியலைக் கிளறிவிடுவதன் பயன்களுள் இதுவும் ஒன்று.

இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் இற்றுப்போயின. காரணத்தை ஆராய்ந்தபோது கிடைத்த பூஞ்சணமே, பிற்காலத்தில் ஆய்வாளர் எல்வின் ரீஸ் பெயரால் டிரைக்கோடெர்மா ரீசி எனப்பட்டது. அன்று துணியைத் தின்ற நொதியே இன்று ஆலைகளில் துணியின் மேற்பிசிறை நீக்கப் பயன்படுகிறது. ஈரத்தோடு மடித்து வைத்த பருத்திச் சேலையில் பூஞ்சணம் பற்றி நூல் வலிவிழப்பதும் இத்தகைய நொதியினால்தான்.

இனிச் செய்முறை. சோகையை நறுக்கி, சாணக் கரைசல் தெளித்து அடுக்க வேண்டும். கரிமம் 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு இருத்தல் நலம். சோகையில் தழைச்சத்துக் குறைவாதலால் சாணமும் பசுந்தழையும் சேர்க்க வேண்டும். ஈரம் சுமார் 60 சதவீதம் இருக்கட்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசிய வேண்டும். தொடக்கத்தில் குவியல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அச்சூட்டில் பெரும்பாலான பூஞ்சணங்கள் ஒடுங்கிவிடும். ஆதலால் பூஞ்சண வித்தைச் சூடு தணிந்தபின் இடுவதே பயன் தரும்.

அரைகுறையாக மக்கியதை வயலில் இடலாகாது. அதைச் செரிக்கப் புகும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ள, பயிர் மஞ்சளிக்கும். கருத்து, உதிரியாகி, மண்வாசனை வீசுவதே முதிர்ந்த எரு. அடுத்த வெட்டு முடிந்ததும், தீக்குச்சியை எடுக்குமுன், நாம் ஒவ்வொருவரும் ஒரு குழியேனும் நிரப்பிப் பார்ப்போமாக.